ஹேஷ் குறிக்குப் பின்னால்

யூனிக்ஸ் வழி வந்த எந்தக் கணினியிலும் எட்சி என்றொரு அடைவு இருக்கும். அதற்குள் இருக்கும் பாஸ்வேர்ட் கோப்பைத் திறந்தால் ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஏழு கட்டங்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு முக்காற்புள்ளி. பயனர் பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், பயனர் எண், குழு எண் என்று முதல் நான்கும் தம்மை விளக்கிக்கொள்ளும். ஆறாவது அவருடைய வீட்டு அடைவு, ஏழாவது ஷெல். ஐந்தாவதுதான் விசித்திரம். அதற்குப் பெயர் ஜீகாஸ். நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்கள், சில அச்சு வேலைகளையும் கணக்கு வேலைகளையும் அங்கிருந்த ஒரு பெரிய இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் வழியில் வந்த அதன் இயங்குதளத்தின் பெயர் ஜீகாஸ். வேலையை அனுப்பியது யார் என்று அது ஓர் அடையாள அட்டை கேட்கும். அந்த அடையாளத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டும் என்பதற்காகப் பாஸ்வேர்ட் கோப்பில் ஒரு கட்டத்தை ஒதுக்கினார்கள். அது அழகான ஏற்பாடு அல்ல என்று டென்னிஸ் ரிட்சியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பெரிய இயந்திரம் போய்விட்டது, கட்டம் போகவில்லை. ஆளின் முழுப்பெயர், அறை எண், தொலைபேசி எண் என்று கைக்கு வந்ததை அதில் எழுதத் தொடங்கினார்கள். இன்று லினக்ஸில் புதுப் பயனரைச் சேர்க்கும் கட்டளை அந்தக் கட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘கமெண்ட்’.

ஒரு கட்டத்தை எதற்காக வைத்தார்களோ அந்தக் காரணம் செத்த பிறகு, மனிதர் மனிதருக்கு எழுதும் இடமாக அது மாறியது. கணினி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவைக்கும் கோப்புகளின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அலுவலகங்களில் எல்லோரும் கான்ஃபிக் ஃபைல் என்று சொல்லும் இந்தக் கோப்புகள் இன்றைக்கும் ஏன் நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்தாகவே இருக்கின்றன என்று கேட்டால், எளிமை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எந்த எடிட்டரிலும் திறக்கும், எந்த இயந்திரத்துக்கும் நகலெடுத்துக்கொண்டு போகலாம், தனி மென்பொருள் வேண்டாம். இதில் பொய்யில்லை, ஆனால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. எளிமை ஒன்றே காரணம் என்றால், வேகமும் ஒழுங்கும் பாதுகாப்பும் கூடிய மாற்றுகள் வந்த அன்றே உரைக்கோப்பு ஒதுங்கியிருக்க வேண்டும். மாற்றுகள் வரத்தான் செய்தன. உலகின் பெரிய நிறுவனங்களின் முழுப் பலத்தோடு வந்தன. கான்ஃபிக் கோப்பை நிரலும் படிக்கிறது, அதைப் பராமரிக்க அடுத்து வரும் ஆளும் படிக்கிறார். ‘இதை ஏன் இப்படி வைத்தேன்’ என்று அந்த இரண்டாவது வாசகருக்கு ஒரு வரி எழுத இடம் தந்த வடிவங்கள் தங்கின. இடம் தராதவற்றில் மனிதர்கள் சுவரை இடித்தாவது இடம் பிடித்தார்கள். இந்தத் தொழிலின் ஐம்பது, அறுபது ஆண்டுக் கதையை அப்படிப் படிப்பதுதான் பொருத்தம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

யூனிக்ஸுக்கும் முன்னால் போக வேண்டும். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்றொரு நேரப்பகிர்வு அமைப்பு ஓடியது. ஒரே கணினியைப் பலர் தத்தம் டெர்மினலில் அமர்ந்து பகிர்ந்துகொள்வார்கள். பிரான்ஸிலிருந்து வந்திருந்த லூயி பூஸான், அடிக்கடி அடிக்கும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து மொத்தமாக ஓட்டுவதற்கு ரன்காம் என்ற நிரலை அங்கே எழுதினார். இன்றைக்கும் எத்தனையோ அமைப்புக் கோப்புகளின் பெயர் ஆர்.சி. என்ற இரண்டெழுத்தில் முடிவது அந்த ரன்காமின் மிச்சம்தான். அதே அமைப்பில் 1964 வாக்கில் ஜெரோம் சால்ட்சர் ரன்ஆஃப் என்ற அச்சமைப்பு நிரலை எழுதினார். அதில் ஆவணத்துக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் வரிகள் ‘ஓரத்தை இவ்வளவு விடு, இங்கே பக்கத்தை உடை’ என்று நிரலுக்குச் சொல்லும். மற்ற வரிகள் மனிதர் படிக்கும் உரை. ஆக, அமைப்புகளைத் தனிக் கோப்பில் வைப்பது, ஆவணத்தின் உடம்பிலேயே வைப்பது என்ற இரண்டு வழக்கங்களும் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை. இரண்டாவது வழக்கத்தைப் பின்னால் பார்ப்போம்.

உரைக்கோப்புக்கு எதிரான முதல் வலுவான சாட்சியமும் அதே சி.டி.எஸ்.எஸ்.ஸில்தான் கிடைத்தது. ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் இன்னொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். எடிட்டர் பயன்படுத்திய தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிவிட்டன. அதற்குப் பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. மனிதர் படிக்கத் தோதான கோப்பு என்றால் எல்லா மனிதரும் படிக்கத் தோதானதுதானே என்று எதிர்வாதம் செய்பவருக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஆனால் பின்வந்தவர்கள் இதிலிருந்து என்ன பாடம் எடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. யூனிக்ஸ்காரர்கள் கோப்பை உரையாகவே வைத்துக்கொண்டு, கடவுச்சொல் என்ற ஒரே ஒரு கட்டத்தை மட்டும் திருப்பிப் படிக்க முடியாத ஒருவழிக் குறியீடாக மாற்றினார்கள். ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். கணினிகள் வேகமாகி அந்தக் குறியீட்டையும் ஊகித்துவிடலாம் என்ற நிலை வந்தபோது, அந்தக் கட்டத்தை மட்டும் பிரித்து, நிர்வாகி மட்டுமே திறக்கக்கூடிய ஷேடோ என்ற இன்னொரு கோப்புக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஷேடோவும் முக்காற்புள்ளி போட்ட உரைக்கோப்புதான்.

வெறும் எழுத்து என்பதாலேயே ஒரு கோப்பு படிக்கத்தக்கதாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கருவி, கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். எட்டு இடைவெளிகள் விட்டால் கண்ணுக்கு அதே மாதிரிதான் தெரியும், நிரல் மட்டும் ஒத்துக்கொள்ளாது. தவறு புரிந்தபோது தன் கருவியை ஏறக்குறைய ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதாகவும், அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் விட்டுவிட்டதாகவும் ஃபெல்ட்மன் பின்னாளில் சொன்னார். அந்த ஒரு டஜன் பேரின் சௌகரியத்துக்கான விலையை அரை நூற்றாண்டாக உலகம் கட்டிக்கொண்டிருக்கிறது. இதையும் மிஞ்சியது 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயிலின் அமைப்புக் கோப்பு. டாலர் குறியும் கோணக் குறியும் எண்களுமாக, பூனை கீபோர்டில் நடந்ததுபோல இருக்கும் என்று நிர்வாகிகள் கேலி செய்வார்கள். அதை விளக்க வந்த புத்தகம் பதிப்புக்குப் பதிப்பு பருத்து ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. ஆனால் அந்தக் கோப்பை நெருங்கிப் பாருங்கள். முகவரியை மாற்றும் விதி ஒவ்வொன்றுக்கும் டேப் போட்டுப் பிரித்த மூன்று பத்திகள். முதல் பத்தி, வரும் முகவரியின் வடிவம். இரண்டாவது, அதை எப்படி மாற்றுவது. மூன்றாவதை நிரல் படிப்பதே இல்லை. இந்த விதி எதற்கு என்று மனிதருக்காக எழுதிவைக்கும் இடம் அது. நிரலுக்கென்றே பிறந்த மொழியில்கூட மூன்றில் ஒரு பங்கு நிலத்தை எழுதியவர் இரண்டாவது வாசகருக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார். அதுவும் போதாமல் போகவே, பிற்பாடு எம்4 என்ற சுருக்கெழுத்து நிரலைக் கொண்டு, மனிதர் புரிந்துகொள்ளும் ஒரு சிறு கோப்பை எழுதி அதிலிருந்து பெரிய கோப்பைப் பிழிந்தெடுக்கும் வழக்கம் வந்தது.

வரியின் தலையில் # போட்டால் அந்த வரியை நிரல் தாண்டிப் போகும் என்ற வழக்கம் யூனிக்ஸ் உலகத்தில் பரவிய பிறகு, கான்ஃபிக் கோப்பின் தன்மையே மாறிவிட்டது. தொலைவிலிருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச், 1999 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன் சர்வர் கோப்பை நிறுவிய கையோடு திறந்தால் வரிகள் ஏராளம், ஆனால் அநேகமாக எல்லாமே # போட்டவை. இயல்பாக எந்த அமைப்பு நடப்பில் இருக்கிறதோ அதையே கமெண்டாக எழுதி வைத்திருப்பதாகவும், # எடுத்த வரி மட்டுமே இயல்பை மாற்றும் என்றும் கோப்பின் தலைப்பிலேயே சொல்லியிருப்பார்கள். நிரலின் கண்ணில் அது ஏறக்குறைய வெற்றுக் கோப்பு. மனிதரின் கண்ணில் அது கையேடு. பழைய வரியை அழிக்காமல் முன்னால் # போட்டு அப்படியே விட்டு, அதன் கீழே புது வரியை எழுதும் பழக்கமும் இதிலிருந்து வந்தது. முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன ஆயிற்று என்று அடுத்தவருக்கு ஒரே பார்வையில் தெரியும். டாஸ் காலத்தில் கான்ஃபிக் டாட் சிஸ் கோப்பில் ஒரு டிரைவர் வரிக்கு முன்னால் ‘ரெம்’ என்று போட்டு அதை முடக்கியவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

மைக்ரோசாஃப்டின் கதையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உரைக்கோப்பை முழுமூச்சாகக் கைவிடப் பார்த்தவர்கள் அவர்கள்தான். 1985இல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பிலிருந்தே வின் டாட் ஐ.என்.ஐ. என்றொரு கோப்பு உண்டு. சதுர அடைப்புக்குள் பகுதியின் பெயர், அதன் கீழ் ‘பெயர் = மதிப்பு’ என்று வரிகள், அரைப்புள்ளியில் தொடங்கினால் கமெண்ட். 1990இல் விண்டோஸ் 3.0 பெரும் வெற்றி பெற்றபோது நிறுவும் ஒவ்வொரு மென்பொருளும் தன் சரக்கை இந்தக் கோப்பில் கொட்டத் தொடங்கியது. கோப்புக்கு 64 கிலோபைட் என்ற உச்சவரம்பு. எந்த வரியை எந்த மென்பொருள் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது. மென்பொருளை நீக்கினாலும் வரி நிற்கும். மதிப்பு என்பது எழுத்துச் சரம் மட்டுமே, பகுதிக்குள் பகுதி வைக்க வழியில்லை. அலுவலகத்தில் ஐந்நூறு கணினி இருந்தால் ஒவ்வொன்றிலும் போய்த் திருத்த வேண்டும், யார் எதைத் திருத்தலாம் என்று வரிவாரியாகக் கட்டுப்படுத்தவும் முடியாது. இந்தக் குறைகளெல்லாம் உண்மையானவை. அவற்றுக்கு விடையாகத்தான் ரெஜிஸ்ட்ரி வந்தது. 1992இன் விண்டோஸ் 3.1இல் சிறு அளவில் தொடங்கி, 1993இன் என்.டி.யிலும் 1995இன் விண்டோஸ் 95இலும் எல்லா அமைப்புகளுக்கும் ஒரே களஞ்சியமானது. கிளைக்குள் கிளை, மதிப்புக்கு வகை, கிளைவாரியாக அனுமதி, வேகமான தேடல். பொறியியல் கண்ணால் பார்த்தால் ஐ.என்.ஐ. கோப்பை எல்லா விதத்திலும் விஞ்சிய வடிவம்.

ஆனால் ரெஜிஸ்ட்ரியில் கமெண்ட் எழுத இடமில்லை. எங்கோ ஆழத்தில் ஒரு மதிப்பு பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாறியிருக்கும். மாற்றியது யார், எந்தத் தொல்லைக்கு மருந்தாக என்று அந்த எண் சொல்லாது. நிர்வாகிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேண்டிய கிளையை ரெஜ் கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த ரெஜ் கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது சதுர அடைப்புக்குள் கிளையின் பெயர், கீழே ‘பெயர் = மதிப்பு’ வரிகள், அரைப்புள்ளி போட்டால் கமெண்ட். துரத்திய ஐ.என்.ஐ. கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கோப்பில் ‘கணக்குப் பிரிவின் பிரிண்டருக்காக மாற்றியது’ என்று எழுதிவைத்து, தேவைப்பட்டபோது ரெஜிஸ்ட்ரிக்குள் ஏற்றினார்கள். ஏற்றும்போது மதிப்புகள் உள்ளே போகும், கமெண்ட் வெளியே நின்றுவிடும். அதனால் உண்மையான ஆவணம் ரெஜ் கோப்புதான், ரெஜிஸ்ட்ரி அதன் நகல் என்ற தலைகீழ் நிலை பல இடங்களில் உருவானது. 2002இல் டாட்நெட்டை வெளியிட்டபோது மைக்ரோசாஃப்டே ஒவ்வொரு மென்பொருளின் அமைப்பையும் அதன் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்எல் உரைக்கோப்பில் வைக்கச் சொன்னது. மென்பொருளை வேறு கணினிக்கு மாற்ற வேண்டுமென்றால் அடைவை அப்படியே நகலெடுத்தால் போதும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன பெருமை, ஐ.என்.ஐ. காலத்தவருக்கு அது புதுச் செய்தி அல்ல.

எக்ஸ்எம்எல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் தரமாக அறிவிக்கப்பட்டது, ஜாவா உலகம் அதில் மூழ்கியது. கமெண்டுக்கு இடம் இருந்தது, ஆனால் கோண அடைப்புகளின் காட்டில் கமெண்டைத் தேட வேண்டியிருந்தது. அடுத்து வந்த ஜேசான்தான் என் வாதத்துக்கு நேரான சோதனை. 2001 வாக்கில் டக்ளஸ் கிராக்ஃபர்ட் அதை அறிமுகம் செய்தார். இரண்டு நிரல்கள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான வடிவம் அது. தொடக்கத்தில் கமெண்ட் இருந்தது, அவர் வேண்டுமென்றே எடுத்துவிட்டார். கமெண்டுக்குள் சிலர் நிரலுக்கான கட்டளைகளை ஒளித்து வைக்கத் தொடங்கினார்கள், விட்டிருந்தால் ஒருவர் எழுதிய ஜேசானை இன்னொருவரின் நிரல் வேறு மாதிரிப் படிக்கும் நிலை வந்திருக்கும் என்று 2012இல் விளக்கினார். அவர் காரணம் சரியானது. இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஓடும் கடிதத்தில் மனிதருக்கு ஓரக்குறிப்பு தேவையில்லை. தவறு அதைக் கான்ஃபிக் கோப்பாக எடுத்துக்கொண்டவர்களுடையது. எடுத்துக்கொண்ட பிறகு அவர்கள் பட்ட பாடு பழைய கதைதான். ஜாவாஸ்கிரிப்ட் உலகின் பேக்கேஜ் கோப்பில் இரண்டு சாய்கோடுகளையே ஒரு பெயராக வைத்து, அதன் மதிப்பாகக் கமெண்டை எழுதினார்கள். அது ஜீகாஸ் கட்டத்தின் மறுபிறவி. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டர் தன் அமைப்புகளுக்கு ‘கமெண்ட் சேர்ந்த ஜேசான்’ என்று தனி வகையையே வைத்துக்கொண்டது. 2001இலேயே பிறந்த யாமலும் 2013இல் டாம் பிரஸ்டன்-வெர்னர் தொடங்கிய டாமெல்லும் # குறியை மீட்டுத் தந்தன. யாமலுக்கு வேறு வியாதி. அதன் பழைய பதிப்பின்படி நார்வேயின் நாட்டுக் குறியீட்டை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், அது ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்ற சொல்லும் ஆகிவிடுவதால், நாட்டையே இல்லை என்று புரிந்துகொள்ளும். 3.10 என்ற பதிப்பு எண்ணை 3.1 ஆக்கிவிடும். மனிதர் போல எழுதலாம் என்று சொல்லிவிட்டு, மனிதர் நினைக்காததை ஊகித்தால் இரண்டு வாசகர்களும் ஒரே வரியை இரண்டு விதமாகப் படித்ததாகிவிடும்.

ஆவணத்தின் உடம்பிலேயே அமைப்பை வைக்கும் இரண்டாவது வழக்கத்துக்கு வருவோம். ரன்ஆஃபின் புள்ளி வரிகள் ராஃப், டிராஃப் என்று நீண்டன. மின்னஞ்சலுக்கு 1982இல் வகுத்த வடிவத்தில் மேலே ‘பெயர்: மதிப்பு’ வரிகள், ஒரு வெற்று வரி, அதன் கீழே கடிதம். 2008இல் அதே பிரஸ்டன்-வெர்னர் வெளியிட்ட ஜெக்கில், கட்டுரையின் தலையில் மும்மூன்று கோடு போட்ட இரண்டு வரிகளுக்கு நடுவே தலைப்பு, தேதி, வடிவமைப்பு என்று எழுதவைத்தது. ஈமேக்ஸ், விம் எடிட்டர்களோ கோப்பின் முதல் வரிகளிலோ கடைசி வரிகளிலோ, கமெண்டுக்குள்ளேயே, ‘டேப்பை நான்கு இடமாகக் காட்டு’ போன்ற அமைப்புகளைத் தேடிப் படிக்கும். கிராக்ஃபர்ட் பயந்தது இதைத்தான். மனிதருக்கென்று ஒதுக்கிய இடத்துக்குள் நிரலுக்கான கட்டளை குடியேறிவிட்டது. விளைவும் வந்தது. 2019இல், விம் எடிட்டரில் ஒரு உரைக்கோப்பைத் திறந்தாலே, அதில் ஒளித்த அந்த வகை வரி வழியாக வேறொருவரின் கட்டளை ஓடக்கூடிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. இது என் வாதத்துக்கு எதிரான சாட்சியம்தானே என்றால், ஓரளவு ஆம். இரண்டு வாசகர்களுக்கும் ஒரே தாளில் இடம் தரும்போது எல்லைக்கோடு தெளிவாக இல்லாவிட்டால் அங்கே ஆபத்து நுழைகிறது. கோட்டை எங்கே போடுவது என்பதற்கு வேறொரு விடை அப்போதே இருந்தது.

அந்த விடை 1984இல் டொனால்ட் நூத் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. நிரலை இயந்திரத்துக்கான கட்டளையாகப் பார்க்காமல், மனிதருக்கான விளக்கமாக எழுத வேண்டும், நடுநடுவே இயந்திரத்துக்கான பகுதிகள் வரட்டும் என்றார். ஒரே கோப்பிலிருந்து ஒரு கருவி புத்தகத்தை நெய்யும், இன்னொரு கருவி நிரலைப் பிரித்தெடுக்கும். தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு அந்நியமல்ல. ‘மூலமும் உரையும்’ என்று அட்டையில் போட்ட பதிப்புகளைப் புரட்டிப் பழகியவர்கள் நாம். இரண்டடிக் குறளைச் சுற்றிப் பரிமேலழகர் உரை பக்கம் நிறைய ஓடும். நூத்தின் முறை பொதுவான நிரலாக்கத்தில் பெரிதாக ஊன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஊன்றிய இடங்களில் ஒன்று, எதிர்பாராத விதமாக, கான்ஃபிக் கோப்பு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் ஈமேக்ஸுக்குள் குறிப்பெடுப்பதற்காகத் தொடங்கிய ஆர்க் மோடில், 2010 வாக்கில் எரிக் ஷுல்ட்டும் டான் டேவிசனும் எழுதிய பேபல் என்ற பகுதி சேர்ந்தது. அதற்குப் பிறகு ஈமேக்ஸ் பயனர்கள் பலர் தங்கள் அமைப்புகளை ஓர் ஆவணமாகவே எழுதத் தொடங்கினார்கள். நட்சத்திரக் குறி போட்ட தலைப்பு: ‘எழுத்துரு’. கீழே இரண்டு பத்தி: எந்த எழுத்துருவை ஏன் விட்டேன், இது எந்தத் திரைக்குப் பொருந்தும். அதன் கீழே, தொடக்கமும் முடிவும் குறித்த ஒரு பெட்டிக்குள் நிரல் படிக்க வேண்டிய மூன்று வரி. பிரித்தெடுக்கும்போது பெட்டிகள் மட்டும் கோவையாகி அமைப்புக் கோப்பாகும். ஒரு தலைப்பின் அடியில் வைத்த பண்பு அதன் உட்தலைப்புகளுக்கும் இறங்கிச் செல்லும்படி வைக்கலாம். இங்கே # தேவையில்லை. இயல்பான எழுத்து மனிதருக்கானது. இயந்திரத்துக்குத்தான் வேலி போட்ட இடம்.

வேகம் பற்றிய எதிர்வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். 1978இல் பெர்க்லியில் பில் ஜாய், நூற்றுக்கணக்கான டெர்மினல் வகைகளின் குணங்களை டெர்ம்கேப் என்ற ஒரே உரைக்கோப்பில் தொகுக்கத் தொடங்கினார். நிரல் ஒவ்வொரு முறையும் அதை மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். கோப்பு வளர வளர அது தாமதமானது. மார்க் ஹார்ட்டன் டெர்ம்இன்ஃபோ என்ற மாற்றைக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் முன்கூட்டியே இயந்திர வடிவில் தொகுத்த தனிக் கோப்பு. உரைக்கோப்பு தோற்றுவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த இயந்திரக் கோப்புகள் பிறப்பதே ஒரு உரைக்கோப்பிலிருந்துதான். அந்த மூலக்கோப்பில் எந்த நிறுவனத்தின் எந்த டெர்மினல் எப்படி மக்கர் பண்ணும் என்று பக்கம் பக்கமாகக் கமெண்டுகள். இன்று அந்தப் பெட்டிகள் அருங்காட்சியகத்தில் இருக்கும். அவற்றைப் பற்றிய அறிவு அந்தக் கமெண்டுகளில் உயிரோடு இருக்கிறது. மின்னஞ்சல் மாற்றுப்பெயர்ப் பட்டியலும் இப்படித்தான், உரையாக எழுதி ஒரு கட்டளை கொடுத்தால் இயந்திரத்துக்கான நகல் உருவாகும். வேகம் வேண்டிய இடத்தில் நிரலுக்குத் தனி நகல் கொடுத்தார்கள். மூலத்தை மனிதரிடமிருந்து பிடுங்கவில்லை.

இதைவிடக் கடுமையான எதிர்வாதம் இன்னொன்று. கமெண்ட் பொய் சொல்லும். வரியை மாற்றுபவர் மேலே உள்ள குறிப்பை மாற்ற மறந்துவிடுவார். ‘முப்பது வினாடி’ என்று கமெண்ட் சொல்லும், மதிப்பு அறுபதாக இருக்கும். நிரலைச் சோதிக்கக் கருவி உண்டு, கமெண்டைச் சோதிக்க எதுவுமில்லை. முழுதாக மறுக்க முடியாத வாதம் இது. ஆர்க் மோடில் நீளமாக எழுதுபவர்களுக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம், எழுதியது அதிகமாக இருந்தால் பொய்யாகப் போவதும் அதிகம். ஆனாலும் பழைய கமெண்டும் ஒரு சாட்சியம். ஒருகாலத்தில் முப்பது போதும் என்று ஒருவர் நினைத்தார், பிறகு யாரோ அவசரத்தில் இரட்டிப்பாக்கினார் என்பதை அந்த முரண்பாடுதான் காட்டிக்கொடுக்கிறது. கமெண்டே இல்லாத ரெஜிஸ்ட்ரியில் அறுபது என்பது வெறும் அறுபது. கிட் போன்ற பதிப்புக் கருவிகள் பரவிய பிறகு, எந்த வரி எந்த நாளில் யாரால் மாறியது என்று தோண்டவும் முடிகிறது. வரி வரியாக ஒப்பிடக்கூடிய உரை என்பதால்தான் அது சுலபமாகிறது.

நம் மொழிக்கும் இந்தக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், மேசை விரிப்புத் தாளில் போட்ட வடிவம்தான் யூடிஎஃப்-8. அதில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். ஆனால் அந்த மூன்றில் எதுவும் பழைய ஆங்கிலக் குறிகளின் எல்லைக்குள், அதாவது 127க்குள், வராது. அதனால் முக்காற்புள்ளியோ # குறியோ வரி முடிவோ தமிழ் எழுத்தின் நடுவில் தவறிப்போய்த் தோன்ற வழியில்லை. எட்டாவது பிட்டைச் சீண்டாத பழைய நிரல் எதுவும், தமிழ் என்றொரு மொழி இருப்பதே தெரியாமல், அந்தக் கமெண்டைத் தாண்டிப் போய் அடுத்த வரியைச் சரியாகப் படிக்கும். ஜீகாஸ் கட்டத்தில் ஆளின் பெயரைத் தமிழில் எழுதினாலும் ஏழு கட்டங்கள் ஏழாகவே நிற்கும்.

இப்போதெல்லாம் கான்ஃபிக் கோப்புகளைக் கையால் எழுதுவது குறைந்துவிட்டது, பாதிக்கு மேல் இன்னொரு நிரல் எழுதுகிறது, அப்படியிருக்க இரண்டாவது வாசகர் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. எட்சி அடைவுக்கே திரும்பிப் போகலாம். இணையப் பெயர்களை எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் ரிசால்வ் கோப்பு பல லினக்ஸ் கணினிகளில் தானாக எழுதப்படுகிறது. திறந்தால் முதலில் வருவது # போட்ட வரி: இதை உருவாக்கியது இன்ன நிரல், கையால் திருத்தாதீர்கள், திருத்தினால் அழிந்துபோகும். அந்த வரியை எந்த நிரலும் படிப்பதில்லை. எச்சரிக்கையைப் படித்த நிர்வாகிகள் சிலர் என்ன செய்வார்கள் என்றால், தமக்கு வேண்டிய சர்வர் எண்ணை எழுதிவிட்டு, எந்த நிரலும் தொட முடியாதபடி சாட்டர் கட்டளையால் கோப்பைப் பூட்டிவிடுவார்கள். பூட்டுவதற்கு முன்னால், இயந்திரம் எழுதிய # வரிக்குக் கீழே இன்னொரு # போட்டு, எதற்காகப் பூட்டினோம் என்று எழுதிவைப்பவர்களும் உண்டு.